சாயத்துக்கு முன் ஒட்டியது

முதல் அடி பிடரியில் விழுந்தது. இரண்டாவது அடிக்கு அவள் கையைத் தூக்கியதால் அது மணிக்கட்டில் இறங்கியது. அண்ணன் டயர் கடை வைத்திருப்பவன். லாரிச் சக்கரத்திலிருந்து டயரை இரும்பால் நெம்பிக் கழற்றுகிற கை அது. அடிக்கும்போதுகூட அந்தக் கையை அவன் முழுதாக ஓங்கியதில்லை. ஓங்க வேண்டிய தேவை இருந்ததில்லை.

"வெரலக் காட்டு."

அவள் காட்டவில்லை.

"காட்டுடின்னா!"

காட்டினாள். வலது கை விரல்களின் நுனியிலும் நகக்கண்களிலும் கருஞ்சிவப்பு ஏறியிருந்தது.

"என்னது இது?"

"சாயம்ணா. லேப்ல போடறது. கிளவுஸ் கிழிஞ்சிருந்துச்சு, கவனிக்கல."

"யாருக்குக் காட்டறதுக்கு இந்த வயசுல நகத்துக்குச் சாயம்?"

"நகத்துக்கு இல்லண்ணா. கண்ணாடிக்குப் போடறது."

"கண்ணாடிக்குச் சாயம் போடறாளாம்!" அண்ணன் அடுக்களைப் பக்கம் திரும்பினான். "கேட்டுக்கோ. நாளைக்குக் கதவுக்குப் பவுடர் போடறேன்னு சொல்லுவா."

அடுக்களையில் அண்ணி குழாயைத் திறந்துவிட்டிருந்தாள். அந்த வீட்டில் அடி விழும்போதெல்லாம் குழாய் திறக்கும். கழுவப் பாத்திரம் இல்லாவிட்டாலும் தண்ணீர் ஓடும்.

அண்ணன் அவளைத் தலைமுடியைப் பற்றிக் கழுவும் தொட்டிக்கு இழுத்துப் போனான். டயரின் உள்பக்கம் ஒட்டுப் போடுவதற்கு முன் ரப்பரைச் சுரண்டிச் சொரசொரப்பாக்குவார்கள். அதற்கென்று ஒரு கம்பி பிரஷ் உண்டு. கடையிலிருந்து சட்டைப் பையோடு வீடு வந்திருந்த அந்தப் பிரஷால் அவள் விரல் நுனிகளைத் தேய்த்தான். தோல் போனது. சாயம் போகவில்லை. சாயமும் இரத்தமும் ஒரே நிறமாக இருந்ததால் எது எது என்று அவனுக்குத் தெரியவில்லை. அதனால் மேலும் தேய்த்தான்.

கத்தக் கூடாது என்பது அவளுக்குப் பழகியிருந்தது. கத்தினால் அவனுக்குக் கோபம் புதிதாகத் தொடங்கும்.

பிறகு பிரஷைத் தொட்டியில் எறிந்துவிட்டு வெளியே போனான். திரும்பி வந்தபோது கையில் ஒரு தைல டப்பா இருந்தது. மூடியைத் திறந்து அண்ணியிடம் நீட்டினான்.

"போட்டு விடு. மணிக்கட்டு வீங்குது பாரு."

இது அந்த வீட்டின் வழக்கம். அடிப்பவனும் அவன்தான், தைலம் வாங்கி வருகிறவனும் அவன்தான். மன்னிப்பு என்ற சொல் அவன் வாயில் வந்ததில்லை. டப்பாதான் வரும். முந்தின டப்பா தீர்ந்திருக்கிறதா என்று பார்க்க மாட்டான். ஒவ்வொரு முறையும் புதிது. அண்ணி நைட்டியின் முனையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, நாத்தனாரின் முதுகிலும் தோளிலும் தைலத்தைத் தேய்ப்பாள். தேய்க்கும்போது பேசுவாள்.

"மொகத்துல படாம அடிக்கறாரே, அதாவது இருக்கேன்னு நெனச்சுக்க பாப்பா."

"நெனச்சுக்கறேன் அண்ணி."

"நாளைக்குக் கையிலயே எடுத்துட்டுப் போ. மத்தியானம் ஒரு தடவ போட்டாத்தான் வீக்கம் வடியும்."

வீட்டில் அவள் பெயர் பாப்பா. அப்பா இறந்தபோது அவள் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தாள். அம்மா அதற்கு முன்பே போயிருந்தாள். அண்ணன் கடையில் வேலைக்குச் சேர்ந்து, பிறகு அந்தக் கடையையே வாங்கி, தங்கையை வேதியியல் டிப்ளமோ வரை படிக்க வைத்தான். இதெல்லாம் உண்மை. அவளை அடிக்கும்போது அவன் இந்த உண்மைகளைத்தான் ஒவ்வொன்றாகச் சொல்லிக்காட்டுவான். கல்யாணப் பேச்சு இரண்டு முறை வந்து இரண்டு முறையும் நின்றது. வந்தவர்களை அவனே ஏதோ சொல்லித் துரத்தினான் என்று அண்ணி ஒருமுறை சொன்னாள். மறுநாள் அப்படிச் சொல்லவேயில்லை என்றாள்.

வேலை செய்யும் இடத்தில் அவளுக்குச் சாயம் என்று பெயர். "சாயம் வந்தாச்சா?", "சாயத்தக் கூப்பிடு." இதில் கேலி இருந்ததா என்று கேட்டால், இருந்தது. ஆனால் அடியில்லாத கேலி அவளுக்கு ஓய்வு போல இருந்தது.

அந்த அரசாங்க ஆய்வுக்கூடம் ஒரு பழைய கட்டடத்தின் மேல்மாடியில் இருந்தது. மின்சாரத்தை ஒரேயடியாக விடவும் செய்யாமல், ஒரேயடியாகத் தடுக்கவும் செய்யாமல் இருக்கும் பொருள்களைக் குறைகடத்திகள் என்கிறார்கள். அப்படியொரு வெள்ளைப் பொடியைக் கூழாக்கிக் கண்ணாடிச் சில்லுகளின் மேல் மெல்லிய படலமாகப் பூசி, உலையில் சுட்டு எடுப்பது அவள் வேலையின் முதல் பாதி. சுட்ட படலத்தைச் சாயக் கரைசலில் முக்கி எடுத்து, ஒட்டாத சாயத்தைக் கழுவிவிடுவது இரண்டாம் பாதி. வெயிலிலிருந்து மின்சாரம் எடுக்கும் தகடுகளுக்காக இது நடந்தது.

கழுவிய பிறகும் படலத்தின் மேல் சாயம் தங்குகிறது. ஒரே ஒரு மூலக்கூறின் கனத்துக்கு. சாய மூலக்கூறு ஒவ்வொன்றுக்கும் ஒரு முனையில் கொஞ்சம் நேர்மின்னின் சாய்வு, இன்னொரு முனையில் எதிர்மின்னின் சாய்வு. கரைசலில் அவை கண்டபடி கிடப்பதால் ஒன்றின் சாய்வை இன்னொன்று அழித்துவிடும். படலத்தில் ஒட்டும்போது அப்படியில்லை. பிடிமானமுள்ள முனையை ஊன்றி, எல்லாம் ஒரே பக்கம் தலை வைத்து நிற்கின்றன. அப்போது அந்தப் பரப்பின் மின்னழுத்தம் இடம் மாறுகிறது. எந்தப் பக்கம் தலை, எத்தனை நெருக்கம் என்பதைப் பொறுத்து ஏறும் அல்லது இறங்கும். படலத்தின் உள்ளே எதுவும் மாறவில்லை என்றே சொல்லலாம். ஆனாலும் உள்ளிருக்கும் ஓர் எலக்ட்ரான் வெளியே வரப் பட வேண்டிய பாடு மாறிவிடுகிறது. உள்ளே இருப்பதுதான் மெய், மேலே இருப்பது வெறும் தோற்றம் என்று பேசிப் பழகியவர்களுக்கு இது கொஞ்சம் சங்கடமான செய்தி.

அந்த மின்னழுத்தத்தை அளப்பவர் ஒருவர் இருந்தார். காசை விடச் சிறிய தங்கத் தட்டு ஒன்று படலத்துக்கு மிக அருகே, படாமல், அதிர்ந்துகொண்டிருக்கும். அந்த அதிர்வில் பிறக்கும் துளி மின்னோட்டத்தை வைத்து அளவு சொல்வார். தட்டு பட்டுவிட்டால் படலம் போச்சு, விரல் பட்டாலும் போச்சு. நாள் முழுக்க அவர் வாயிலிருந்து வரும் ஒரே சொல் 'தொடாதே' என்பதால் அதுவே அவருக்குப் பெயராகிவிட்டது.

"தொடாதே சார், இன்னிக்கு என்ன விசேஷம், சட்டையெல்லாம் தேச்சிருக்கு?" என்பார்கள்.

"கல்யாணம் பண்ணிக்கலாம்னு போனேன். பொண்ணு கிட்ட வந்தப்ப பழக்க தோஷத்துல அந்த வார்த்தையச் சொல்லிட்டேன்," என்பார். ஐம்பதைத் தாண்டியவர். தனியாள்.

அந்த வருடம் அவளுக்கு ஒன்று கிடைக்க இருந்தது. தற்காலிக வேலை நிரந்தரமாகும். நிரந்தரமானால் வளாகத்தின் பின்புறம் ஊழியர் குடியிருப்பில் ஓர் அறை. ஒரு ஜன்னல், ஒரு அடுப்பு மேடை, உள்ளே தாழ்ப்பாள் உள்ள கதவு. அவள் அதை வெளியிலிருந்து பார்த்திருக்கிறாள். வேறு எந்த வீட்டுக்கும் அவள் தனியாகக் குடிபோக அண்ணன் விட மாட்டான். அரசாங்க அறைக்குப் போவதை அவனால் நான்கு பேர் முன்னால் மறுக்க முடியாது என்று அவள் கணக்குப் போட்டிருந்தாள். அந்த ஒரு கதவுக்காக அவள் எந்த அடியையும் இந்த வருடம் முழுக்கத் தாங்குவதென்று இருந்தாள். பிரிவின் தலைவியான பேராசிரியை கையெழுத்துப் போட வேண்டும். அதற்கு முன், இந்த ஆண்டின் அளவுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டும்.

ஒத்துப்போகவில்லை.

சாயம் ஒட்டிய படலங்களில் மின்னழுத்தம் ஒரு திசையில் நகர வேண்டும். சில தொகுதிகளில் நகர்ந்தது. சிலவற்றில் பாதி நகர்ந்தது. சிலவற்றில், எதுவுமே ஒட்டாதது போல, நின்ற இடத்திலேயே நின்றது. பேராசிரியை ஒரு நாள் மதியம் உள்ளே வந்தார். தட்டிலிருந்த படலங்களை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். சில இடங்களில் சாயம் திட்டுத்திட்டாக வெளிறியிருந்தது.

"இது என்ன, தேமல் மாதிரி?"

"நல்லாத்தான் முக்கினேன் மேடம்."

"நல்லா முக்கினியா? மூஞ்சிய முக்கினியா, படலத்த முக்கினியா?"

பேராசிரியை தட்டைத் தூக்கிக் குப்பைத் தொட்டிக்குள் அறைந்தார். கண்ணாடி உடைந்து சிதறிற்று. ஒரு சில்லு தெறித்து அவள் கன்னத்தைக் கீறியது. பேராசிரியை அதைப் பார்த்தார், பேச்சை நிறுத்தவில்லை.

"பத்து வருஷம் இங்க இருந்திருக்க. புதுசா வந்தவங்ககூட இதவிட ஒழுங்கா செய்வாங்க. வெளிய எத்தன பேரு இந்த வேலைக்கு நிக்கறாங்க தெரியுமா? இந்த மாசத்துக்குள்ள என்ன காரணம்னு எனக்குச் சொல்லணும். சொல்லலைன்னா உன்னையும் அனுப்பிடுவேன், அந்த மெஷினையும் கழட்டிக் காயலாங்கடைக்கு அனுப்பிடுவேன்."

மெஷினைச் சொன்னதும் தொடாதேக்கு முகம் சிவந்துவிட்டது. பேராசிரியை போனதும் அவர் அவள் மேல் பாய்ந்தார்.

"உன்னால என் மெஷின் காயலாங்கடைக்குப் போகுது! ஒழுங்கா கழுவாம குடுக்கறது நீ, பேரு எனக்கா?"

"உங்க தட்டு இடிச்சிருக்கும் சார். போன மாசமே இடிச்சுச்சு, நான் பாத்தேன்."

"நான் இடிக்கறேனா? நானா?" அவர் முக்காலியை உதைத்தார். அது சுவரில் மோதித் திரும்பி வந்து அவர் முழங்காலிலேயே பட்டது. அவர் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அவள் சுவரோடு ஒண்டி, முகத்தை இரு கைகளாலும் மூடியிருந்தாள். உதைத்தது முக்காலியைத்தான் என்பது அவளுக்குத் தெரியும். அவள் உடம்புக்குத் தெரியவில்லை.

தொடாதே அதைப் பார்த்தார். கோபம் அவரிடமிருந்து தண்ணீராக வடிந்துவிட்டது.

"ஏம்மா, நான் உன்ன அடிக்கவா வந்தேன்?"

அவர் முழங்காலைத் தேய்த்துக்கொண்டே வேறு பேச்சுக்குப் போனார். "இத கேளு. எனக்கு ஒரு சந்தேகம். சாயம் போட்ட பிறகு தப்பா வர்றது இருக்கட்டும். வெறும் படலமே தப்பா நிக்குது. சாயம் ஏறறதுக்கு முன்னாலயே அதோட மின்னழுத்தம் எடம் மாறிக் கெடக்குது. நீ உலையிலிருந்து எடுத்துச் சூடா குடுத்தது சரியா இருக்கு. டிராயர்ல வச்சிருந்து குடுத்தது சரியில்ல."

அவள் கையை முகத்திலிருந்து எடுத்தாள்.

பொதுவான கண்ணாடி ஜாடியில் வைத்தால் மற்றவர்களின் படலங்களோடு கலந்துவிடுகிறதென்று, இந்த ஆண்டு அவள் தன் மேஜை டிராயரில் ஒரு பெட்டியில் வைக்கத் தொடங்கியிருந்தாள். தூசு படாது. வெளிச்சம் படாது. யார் விரலும் படாது. இவ்வளவு யோசித்தவள் காற்றைப் பற்றி யோசிக்கவில்லை. சுட்டு ஆறிய படலம் பசித்த பிச்சைக்காரன் மாதிரி. சாயம் வரட்டும் என்று காத்திருக்காது. எது முதலில் கிடைக்கிறதோ அதைப் பிடித்துக்கொள்ளும். தொடாதே முக்காலியில் ஏறி உட்கார்ந்து அந்த டிராயரை இழுத்தார். மூக்கைச் சுளித்தார்.

"என்னம்மா இது, ஆஸ்பத்திரி மாதிரி வாசம்?"

பெட்டிக்குப் பக்கத்தில் தைல டப்பா இருந்தது. மதியம் ஒரு தடவை போட்டுக்கொள்வதற்காக.

டப்பாவின் அடியில் பொடி எழுத்தில் சரக்குகளின் பெயர்கள் இருந்தன. தைலத்துக்கு அந்தக் காரமான இனிப்பு வாசனையைத் தரும் சாலிசிலேட் அதில் இரண்டாவதாக இருந்தது. அந்தப் பெயரை அவள் படித்தாள், தொடாதேயும் படித்தார். இருவருக்கும் அது புதிதல்ல. அந்த வெள்ளைப் பொடியின் மேல் அது இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்காரும் வகை. உட்கார்ந்தால் படலம் லேசாக மஞ்சள் ஏறும், மின்னழுத்தம் நகரும், சாயத்துக்கு இடம் இருக்காது. இதைப் பாடமாகப் படித்தவள்தான் அவள். ஆனால் தைலம் வீட்டைச் சேர்ந்தது, படலம் லேபைச் சேர்ந்தது. இரண்டையும் ஒரே டிராயரில் வைத்தவளுக்கு இரண்டும் ஒரே உலகத்தில் இருப்பதாகத் தோன்றவில்லை.

சோதித்தார்கள். சில படலங்களை டப்பாவோடு டிராயரில், சிலவற்றை அடுத்த அறை அலமாரியில் வைத்தார்கள். மறுநாள் வெள்ளைத் தாளின் மேல் வைத்துப் பார்த்தபோதே மஞ்சள் தெரிந்தது. தங்கத் தட்டு அதை உறுதி செய்தது. பிறகு டப்பாவை வெளியே எறிந்துவிட்டு இன்னொரு தொகுதி வைத்தார்கள். அதிலும் கொஞ்சம் நகர்ந்திருந்தது. அவள் டிராயரைத் திறந்து மூடியபோது, அவள் கழுத்திலும் கையிலும் இருந்த தைலமே போதுமானதாக இருந்தது. முந்தின மாலைதான் அண்ணன் அவளை வாசல்படியில் தள்ளிவிட்டு, விழுந்தவளின் தோளை மிதித்திருந்தான். பஸ் தவறி வந்ததற்காக.

பேராசிரியையின் அறையில் தொடாதேதான் முதலில் பேசினார். அளவுகளை வரைந்த படங்களைக் காட்டினார். பேராசிரியை படங்களை நெடுநேரம் பார்த்தார். அவருக்கு அது பிடித்திருந்தது. தப்பின் காரணம் தெரிந்தால் ஆராய்ச்சியாளருக்கு ஒரு சந்தோஷம் வரும், அதை மறைக்க அவர் முயலவில்லை.

"தைலமா! நல்லது. இனிமே தைலம் போட்டுக்கிட்டு லேபுக்குள்ள வரக் கூடாது. அவ்வளவுதானே? எழுதிக் குடு, நான் கையெழுத்துப் போட்டுடறேன்."

அவள் நின்றாள். மூட்டுவலி என்று சொல்லியிருக்கலாம், யாரும் கேட்கவில்லை. சரி மேடம் என்று சொல்லியிருக்கலாம், அதுதான் கேட்கப்பட்டது. ஆனால் தவறாத அளவைக் கொடுப்பேன் என்று எழுதிக் கொடுக்கச் சொல்கிறார்கள், தன்னால் கொடுக்க முடியுமா என்றுதான் அவள் யோசித்தாள்.

"அது என் கையில இல்ல மேடம்."

"என்ன கையில இல்ல?"

"தைலம் போடறது. எப்ப போட வேண்டி வரும்னு எனக்குத் தெரியாது."

"புரியற மாதிரி பேசு. உனக்கு என்ன வியாதி?"

அவள் சட்டையின் கழுத்தைத் தோள்வரை இழுத்தாள். செருப்பின் அடிப்பக்கக் கோடுகள் தோளில் வரிவரியாகப் பதிந்திருந்தன. ஒரு பக்கம் கறுப்பு, ஓரங்களில் பச்சை. அதற்குக் கீழே பழையதொன்று மஞ்சளாகிக்கொண்டிருந்தது.

தொடாதே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "யாரு?" என்று அவர்தான் கேட்டார், கண்ணாடியைப் பார்த்தபடி.

"எங்கண்ணன்."

இதைத் துணிச்சல் என்று சொல்ல அவசரப்பட வேண்டாம். பத்து வருடம் சொல்லாதவள், அளவு தப்பும் என்பதற்காகச் சொன்னாள். அளவுக்கு அப்படி ஒரு வலு இருக்கிறது என்று வேண்டுமானால் சொல்லலாம்.

பேராசிரியை ஆறுதல் சொல்லத் தெரியாதவர். மேஜை மேலிருந்த பேனாவை மூடினார், திறந்தார். பிறகு போனை எடுத்தார். "குடியிருப்புச் சாவி யார்கிட்ட இருக்கு? ... நிரந்தரம் ஆகலைன்னா என்ன? நான் சொல்றேன், குடுங்க. சாவி இன்னிக்கே வேணும்." போனை வைத்தார். "அங்க போ. போயிட்டு எனக்குச் சுத்தமான படலம் குடு," என்றார். அவளுடைய கன்னத்தில் காய்ந்திருந்த கண்ணாடிக் கீறலைப் பார்த்து, பேனாவை மறுபடி மூடினார். சாவி கேட்டது இரக்கமா, படலத்தின் மேலிருந்த அக்கறையா என்பது பிரித்துப் பார்க்க முடியாதது.

அண்ணன் கடையில் இருந்த காலை நேரத்தில் அவள் பெட்டி கட்டினாள். அண்ணி வாசலில் நின்று தெருவைப் பார்த்துக்கொண்டாள்.

"சீக்கிரம் பாப்பா. அவரு சாப்பிட வந்தாலும் வந்துருவாரு."

"நீங்களும் வாங்க அண்ணி."

"நான் வந்தா? ரெண்டு பேரையும் தேடி வருவாரு. நான் இருந்தா பாதிக் கோபம் இங்கயே தீந்துடும்."

அவள் பெட்டியைக் கீழே வைத்தாள்.

"தூக்குடி அத," என்றாள் அண்ணி. அதுவரை அவளை 'டி' போட்டுப் பேசியதில்லை. "நீ போகலைன்னா எனக்கு மட்டும் என்ன கொறஞ்சிடப் போகுது? தூக்கு."

அவன் அன்று மாலையே குடியிருப்பு அறைக்கு வந்தான். அண்ணியைக் கூடவே இழுத்து வந்திருந்தான். வெளியிலிருந்து அவன் குரல் முதலில் சாதாரணமாகத்தான் கேட்டது.

"பாப்பா. கதவத் தொற. பேசணும்."

"நாளைக்கு லேபுக்கு வாங்கண்ணா. அங்க பேசலாம்."

"ஊரான் வீட்டுல வந்து உன்கிட்ட அனுமதி கேக்கணுமா நான்? தொறடி!"

அடுத்த அறைகளில் ரேடியோ சத்தம் கூடியது. யாரும் வெளியே வரவில்லை. அண்ணன் தோளால் மோதினான். முதல் மோதலில் கதவு அதிர்ந்தது, இரண்டாவதில் தாழ்ப்பாளின் திருகாணிகள் மரத்தோடு பிய்ந்தன, மூன்றாவதில் கதவு திறந்துகொண்டு அவன் உள்ளே விழுந்தான். விழுந்த வேகத்திலேயே எழுந்து அவள் முடியைப் பிடித்தான். தலையைச் சுவரில் மோதினான். சுவரில் புதிதாக அடித்த சுண்ணாம்பு அவள் நெற்றியில் ஒட்டிக்கொண்டு அதற்குள்ளிருந்து சிவப்பு கசிந்தது. அவன் அவளை அறைந்தான், முகத்தில். முகத்தில் படாமல் அடிப்பவன் என்ற பெயரும் அன்றோடு போனது. பல் ஒன்று உடைந்து நாக்கில் கிடந்தது.

"உன்ன வளத்த கைடி இது! வளத்த கை!"

ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு மோதல். அண்ணி பின்னாலிருந்து அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். முழங்கையால் அவளை ஒரு தள்ளு தள்ளினான். அவள் நிலைப்படியில் போய் விழுந்தாள்.

அடுப்பின் மேல் பாத்திரத்தில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. அது அவள் சோறு பொங்க வைத்ததுதான், வேறெதற்கும் இல்லை. சுவருக்கும் அவனுக்கும் நடுவில் அவளுடைய ஒரு கை மட்டும் விடுபட்டிருந்தது. அந்தக் கை பாத்திரத்தின் காதைப் பிடித்தது. உள்ளங்கை பொசுங்கியது, விடவில்லை. வீசினாள்.

அவன் மார்பிலும் கையிலும் கொதிநீர் விழுந்தது. அவன் அலறிய அலறல் அந்தக் குடியிருப்பின் எல்லா ரேடியோக்களையும் நிறுத்தியது. கீழே விழுந்து, சட்டையைப் பிய்த்தெறியப் பார்த்தான். சட்டையோடு தோலும் வந்தது.

அவள் காலிப் பாத்திரத்தைப் பிடித்தபடி நின்றாள். இன்னொரு முறை அடிக்கவும் அவளால் முடிந்திருக்கும். பாத்திரத்தை அவன் தலைக்கு மேல் தூக்கியும்விட்டாள். தூக்கிய கை அவளுக்குத் தெரிந்த கையாக இருந்தது. அதன் ஓங்கல் அவளுக்குப் பிடிக்கவும் செய்தது. இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

"போதும்!" என்றாள் அண்ணி.

அண்ணி நிலைப்படியிலிருந்து எழுந்து வந்தாள். உதடு கிழிந்திருந்தது. வாளித் தண்ணீரில் தன் துப்பட்டாவை நனைத்து அண்ணனின் மேல் போர்த்தினாள். அக்குளில் கை கொடுத்து அவனைத் தூக்கி நிறுத்தினாள். அவ்வளவு பெரிய ஆளை அவ்வளவு சின்னப் பெண்ணால் தூக்க முடியும் என்று அதுவரை யாருக்கும் தெரியாது. அவன் அழுதுகொண்டிருந்தான்.

"நடங்க. ஆஸ்பத்திரிக்குப் போலாம். நடங்கன்னா நடங்க."

"அவ என்ன... என்ன கொன்னுட்டா..."

"சாகல. நடங்க."

"அண்ணி," என்றாள் அவள். உடைந்த பல் பேச்சில் இடறியது. "நீங்க இங்கயே இருங்க. அவரு தனியா போகட்டும்."

அண்ணி அவளைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் நன்றியோ வெறுப்போ இருந்ததாகச் சொல்ல முடியாது. தலைக்கு மேல் வேலை கிடக்கிறபோது ஒருத்தி பார்க்கிற பார்வை.

"இவரு கையால இனி கொஞ்ச நாளைக்கு ஒண்ணும் ஆகாது. அதுக்கப்புறம் நான் என்ன செய்யணும்னு யோசிச்சுக்கறேன். நீ வந்து யோசிக்க வேணாம்." வாசலைத் தாண்டியவள் திரும்பிக் கதவைப் பார்த்தாள். "தாழ்ப்பாள் பேந்து போச்சு பாரு. அந்த மேஜைய இழுத்துக் கதவுக்கு முட்டுக் குடு. நாளைக்கு ஆசாரியக் கூப்பிடு. இரும்புல போடச் சொல்லு, இந்த மரத்துல நிக்காது."

அவர்கள் படி இறங்கினார்கள். அவள் மேஜையின் இரண்டு கால்களைப் பிடித்து இழுத்தாள். பொசுங்கிய உள்ளங்கை மரத்தில் ஒட்டி ஒட்டி வந்தது. கதவைச் சாத்தி மேஜையை அதன்மேல் சார்த்தினாள். படியில் அவன் குரல் கேட்டது.

"பாப்பா... பாப்பா..."

அதட்டலா, அழுகையா, உதவிக்குக் கூப்பிடுவதா என்று பிரித்தறிய முடியவில்லை. சின்ன வயதில் பள்ளி வாசலில் நின்று அவன் கூப்பிட்டதும் இதே குரலில்தான். அவள் காலைச் சுவரில் ஊன்றி, மேஜையை இன்னும் ஒரு சாண் கதவை நோக்கித் தள்ளினாள்.